காவடி நிற்காத வாசல்

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் எங்கள் ஊர்க் காவடிகள் திருத்தணி மலைக்குப் புறப்படும். புறப்படும்போது ஒவ்வொரு வாசலிலும் நிற்கும். அந்த வீட்டுப் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, காவடி எடுப்பவர்களின் கால்களைக் கழுவிக் கற்பூரம் காட்டுவார்கள். எங்கள் தெருவில் முப்பத்தெட்டு வீடுகள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் காவடி முப்பத்தேழு வாசல்களில்தான் நின்றது.

ரயில்வே பார்சல் ஆபீசில் காலம் கழித்தவன் நான். எதையும் எண்ணாமல் இருக்க வராது. பதினோரு காவடிகள் எங்கள் வீட்டைத் தாண்டிப் போயின. பம்பைக்காரர் எங்கள் வாசலுக்கு நேரே வந்ததும் அடிப்பதை நிறுத்தினார். அடுத்த வாசலில் மறுபடி தொடங்கினார். என் மருமகள் குடத்தைப் பிடித்தபடி நின்றாள். கடைசிக் காவடி தெருமுனை திரும்பியதும், தண்ணீரைத் தென்னை மரத்தடியில் ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

அவள்தான் அப்போது ஊராட்சித் தலைவர். பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியதால் என் மகன் அவளை நிறுத்தினான். ஊரும் அவனுக்குத்தான் ஓட்டுப் போட்டதாக நினைத்தது. முதல் ஓராண்டு நாற்காலியில் அவன் உட்கார்ந்தான். வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து இவள் கையெழுத்துப் போட்டாள். பிறகு ஒரு கூட்டத்துக்கு அவளே வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். "எழுந்திருங்க, நான் உக்காரணும்" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே எழுந்தான். வீட்டுக்கு வந்த பிறகு சிரிக்கவில்லை.

குளத்துக்குப் பின்னால் பெண்களுக்கான சுகாதார வளாகம் ஒன்று உண்டு. எட்டுக் கழிப்பறைகள். கட்டி முடித்த நாளிலிருந்து பூட்டியே கிடந்தது. உள்ளே துணைத் தலைவரின் உர மூட்டைகளும் மருந்தடிக்கும் மிஷினும் இருந்தன. சாவி அவர் இடுப்பில். பெண்கள் விடியுமுன் ஏரிக்கரைக்குப் போய்வந்தார்கள். அந்த ஆண்டு மூன்று பெண்கள், தங்கள் பின்னால் யாரோ நடந்து வந்ததாகச் சொன்னார்கள். மூன்றாவது பெண் அதற்குப் பிறகு பகலில்கூடத் தனியாக வெளியே வரவில்லை.

மருமகள் சாவியைக் கேட்டாள். துணைத் தலைவர் எங்களுக்குப் பங்காளி. என்னைப் பெரியப்பா என்பார். மறுநாள் அவரே வீட்டுக்கு வந்து, காபி குடித்து, டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"பெரியப்பா, அண்ணி வண்டி நல்லா ஓட்டுவாங்களா?"

"ஓட்டுவாளே. ஏன்?"

"இல்ல, கனகம்மாசத்திரம் ரோட்ல லாரிங்க கண்ணுமண்ணு தெரியாம வந்துகினு இருக்குது. ஒண்டியா போறாங்க, வராங்க. சொல்லி வைங்க."

நான் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு, "ஹெல்மெட் போட்டுக்கினு போறேன் மாமா" என்றாள்.

வார்டு உறுப்பினர்கள் ஒன்பது பேரில் ஆறு பேர் துணைத் தலைவர் பக்கம். அதனால் கூட்டத்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றிய அலுவலகத்தில், கிராம சபையில் தீர்மானம் போட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள். அடுத்த சபை ஆகஸ்டு பதினைந்து. அவள் தீர்மானம் கொண்டுவரப் போகிறாள் என்று தெரிந்த பிறகுதான் காவடி எங்கள் வாசலைத் தாண்டியது. பால்காரர் வருவது நின்றது. வாசல் விளக்கு இரண்டு முறை உடைந்தது.

"நீயாவது சொல்லு நைனா" என்றான் மகன். "டீக்கடைல நான் போனா பெஞ்சே காலியாவுது."

"அப்ப நல்லா கால் நீட்டி உக்காருங்க" என்று உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேண்டாம்மா, இன்னும் கொஞ்சநாள் போகட்டும் என்று அவளிடம் பலமுறை சொன்னேன். அவள் ஒவ்வொரு முறையும் "ஆங், சரிங்க மாமா" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் அளவுக்குச் சபையில் நூறு பேராவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சபையே செல்லாது. துணைத் தலைவர் வீடு வீடாக ஆள் அனுப்பி, ஆம்பிளை ஒருத்தன்கூடப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். அன்று பள்ளிக்கூடத்துக்கு எதிர் டீக்கடையில் ஆண்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். என் மகனும் அங்கேதான் இருந்தான். பள்ளி மைதானத்தில் மருமகள், ஊராட்சிச் செயலர், ஒன்றியத்திலிருந்து வந்த அதிகாரி, நான்.

"ஆளே இல்லாம யார வெச்சி சபை நடத்துவாங்க?" என்று டீக்கடையிலிருந்து யாரோ உரக்கக் கேட்டார்கள்.

அதுவரை, சபைக்கு வந்ததாகப் பெண்களிடம் நூறு நாள் ஏரி வேலை நடக்கும் இடத்திலேயே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். சபையில் உட்காருவது ஆண்கள். பல ஆண்டுப் பழக்கம். ஆண்கள் வராவிட்டால் சபை இல்லை என்று அவர்கள் நினைத்தது அதனால்தான். பெண்களைப் போகாதே என்று சொல்ல யாருக்கும் தோன்றவே இல்லை.

முதலில் காலனியிலிருந்து பெண்கள் கூட்டம் ஒன்று வந்தது. துணைத் தலைவர் நிலத்தில் களை எடுப்பவர்கள் பாதிப் பேர். பிறகு எங்கள் தெரு. நான் எண்ணத் தொடங்கினேன். அறுபது. எண்பத்தாறு. டீக்கடையில் பேச்சு அடங்கிவிட்டது. அந்த மூன்றாவது பெண், அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நூற்றுப் பன்னிரண்டில் நிறுத்தினேன். எதிரே டீக்கடையில் துணைத் தலைவரும் அதே நூற்றுப் பன்னிரண்டு பேரை எண்ணிக்கொண்டிருந்தார். முகம் முகமாக.

தீர்மானம் நிறைவேறியது. ஒன்றிய ஆட்கள் வந்து பூட்டை அறுத்தார்கள். நாற்பத்து மூன்று மூட்டைகள் வெளியே வந்தன. துணைத் தலைவர் வேப்பமரத்தடியில் நின்று பார்த்தார். "சரிங்க அண்ணி, தொறந்துட்டீங்க" என்றார். அவ்வளவுதான். அந்த வாரமே காலனிப் பெண்கள் இருபது பேருக்கு அவர் நிலத்தில் வேலை இல்லாமல் போனது. அவர்கள் விடியற்காலை ஷேர் ஆட்டோவில் பொதட்டூர்பேட்டைப் பக்கம் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள்.

இப்போது பதவிக்காலம் முடிந்துவிட்டது. நாற்காலியில் யாரும் இல்லை. தனி அலுவலர் எப்போதாவது வருகிறார். வளாகத்தின் சாவியை மட்டும் பெண்கள் வாரம் ஒருவராக வைத்துக்கொள்கிறார்கள். நேற்று காலை அதற்குத் தண்ணீர் போகும் குழாய் மறுபடி உடைந்து கிடந்தது. இது நான்காவது முறை. எங்கள் ஊர்க் குழாய்க்காரர் வர மறுத்துவிட்டதால் மருமகளும் இன்னும் இரண்டு பெண்களும் குளக்கரையில் குந்தி, புதுக் குழாய்க்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்கள்.

அவளை ஒண்டியாக விடக்கூடாது என்று நானும் போய் நின்றேன். துணைத் தலைவர் பைக்கில் வந்து கரைமேல் நிறுத்தினார். இறங்கவில்லை. வண்டியையும் அணைக்கவில்லை.

"மாமா, வெயில்ல நிக்காதீங்க" என்றாள் அவள், நிமிராமலே. "அந்தத் துணிய எடுங்க. பசை காயுறதுக்குள்ள இறுக்கணும்."

எடுத்துக் கொடுத்தேன். பைக்கின் சத்தம் அங்கேயே இருந்தது.