ஓடினால் ஆணிக்கு

இட்லிக் குண்டானுக்கு நேர் மேலே, புகை படிந்த சுவரில் ஓர் ஆணி. அந்த ஆணியில் பச்சை நைலான் பட்டையோடு ஒரு கைக்கடிகாரம் தொங்கிக்கொண்டிருந்தது. குண்டான் மூடியைத் திறக்கும்போதெல்லாம் எழும் ஆவியில் அது முழுசாக மறைந்துபோகும். ஆவி விலகியதும், திரை விலக்கிய சந்நிதி மாதிரி, முகமெல்லாம் முத்து முத்தாக வியர்த்தபடி மறுபடியும் தெரியும். நான் அதை முதன்முதலில் பார்த்தபோது பாதி இட்லி என் வாயில் இருந்தது, மீதி கையில் இருந்தது. இரண்டையும் மறந்துவிட்டேன். கறுப்பு முகம், தடித்த முட்கள், சுற்றிலும் விரலால் திருப்பக்கூடிய ஒரு வளையம், வளையத்தில் ஒரு சின்ன முக்கோணம். கடலுக்கடியில் இறங்கி வேலை செய்யும் டைவர்களுக்காகக் கடற்படை வாங்கிக் கொடுத்த கடிகாரம் அது. வருஷக்கணக்காகப் படத்தில் மட்டும் பார்த்து நான் ஏங்கிய சாமான், திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, சட்னி வாளிக்கு இரண்டு முழம் மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

என் யோக்கியதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. பிழைப்பு அது. பைத்தியம் வேறு: பழைய ராணுவக் கடிகாரங்கள் சேர்ப்பது. பிஸ்கட் டப்பா ஒன்றில், பழைய பனியன் துணியில் சுற்றிப் பதினாறு வைத்திருக்கிறேன். அதில் ஒன்று, விமானப்படை பைலட் கட்டியதாக விற்றவர் சத்தியம் செய்த குரோனோகிராஃப். பக்கத்தில் இரண்டு பொத்தான். ஒன்றை அழுத்தினால் விநாடி எண்ண ஆரம்பிக்கும், மறுபடி அழுத்தினால் நிற்கும். அதை வைத்து நான் இதுவரை அளந்த ஒரே விஷயம், அது சரியாக அளக்கிறதா என்பதுதான். டைவ் கடிகாரங்கள் ஐந்து இருக்கின்றன. ஒவ்வொன்றும் அறுநூறு அடி ஆழத்தைத் தாங்குமாம். எனக்கோ நீச்சல் தெரியாது. சரவணப் பொய்கையில் முழங்காலுக்கு மேல் இறங்கியவனில்லை. அந்த ஐந்தில் ஒன்றைக் கட்டிக்கொண்டு வெளியே போகும் அன்று தூறல் விழுந்தால், கையை அக்குளில் செருகிக்கொண்டு ஓடுவேன். வளையத்தைத் திருப்பினால் தேய்ந்துவிடும் என்று திருப்பவும் மாட்டேன். "பதினாறு வாட்ச் வெச்சிகினு கீறீங்களே, ஒருநாளாச்சும் சாப்பாட்டு நேரத்துக்கு வூடு வந்து சேந்தீங்களா?" என்று என் மனைவி கேட்பாள். நியாயமான கேள்விதான். பதில் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இட்லிக்கடை அக்கா எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கணவர் கடற்படையில் டைவராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். இரண்டு பேருமாக அந்தக் கடையைப் போட்டார்கள். அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு அக்கா தனியாகவே நடத்தினார். அந்தக் கடிகாரத்தை அவர் பயன்படுத்திய விதம், என்னைப் போன்ற டப்பாக்காரர்களைத் தலைகுனிய வைக்கும். மாவு ஊற்றிய தட்டுகளைக் குண்டானில் இறக்கி மூடியைப் போட்டதும், விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, வளையத்தைத் திருப்பி, முக்கோணத்தை நிமிஷ முள்ளுக்கு நேராக நிறுத்துவார். முள் அங்கிருந்து பன்னிரண்டு கோடு நகர்ந்ததும் மூடி திறக்கும். ஒரு நிமிஷம் முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை. அந்தக் கடையில் 'இட்லி சரியில்லை' என்று ஒரு தட்டுகூடத் திரும்பி வந்ததில்லை. அக்காவுக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான்.

ஆனால் கடிகாரம் காட்டிய மணி சுத்தத் தப்பு. காலை ஏழுக்கு அது மூன்றேகால் என்று சொல்லும். பதறிப்போய்ச் சரிசெய்து தரட்டுமா என்று கேட்டேன்.

"மணி பாக்கறதுக்குத்தான் பஸ் ஸ்டாண்டுல அம்மாம் பெரிய கடியாரம் கீதே. இது மணிக்கு இல்ல நைனா, மூச்சுக்கு" என்றார். "அவரு சொல்லுவாரு. தண்ணில குதிக்கறதுக்கு முந்தி இந்த வளையத்தத் திருப்பி வுட்டுக்குவாராம். முதுவுல கட்டிகினு போற காத்து இன்னும் எவ்ளோ நேரம் வரும்னு இத்தப் பாத்துதான் தெரிஞ்சிக்கணுமாம். இத்தப் பாத்துதான் மேல வரணுமாம்."

அன்றிலிருந்து நான் அந்தக் கடிகாரத்துக்காகத் தவம் கிடந்தேன். கேஸ் சிலிண்டர் பதிவு செய்து கொடுத்தேன். ஆதார் அட்டையை இலவசமாகப் பிரதி எடுத்துக் கொடுத்தேன், அதுவும் கலரில். எதற்கு இவ்வளவு பணிவிடை என்பது அக்காவுக்குத் தெரியும். தெரிந்துதான் வேலை வாங்கினார். ஒருநாள் தைரியம் வந்து, பின்பக்கத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். ராணுவக் கடிகாரத்தின் ஜாதகமே அங்கேதான் இருக்கும். எந்தப் படை, எந்த எண் என்று பின்மூடியில் பொறித்திருப்பார்கள். அந்த எண் இருந்தால் பொக்கிஷம். இல்லாவிட்டால் வெறும் பழைய கடிகாரம். ஆணியிலிருந்து எடுத்துத் திருப்பினேன். பின்மூடி கண்ணாடி மாதிரி பளபளத்தது. என் மூக்கு தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை.

"அக்கா, இங்க நம்பர் இருந்திருக்குமே?"

"ஆங், இருந்துச்சி. வெள்ளிக்கெழம வெளக்கு தேய்ப்பேன் இல்ல, அதுங்கூட இதையும் புளியும் சாம்பலும் போட்டு ஒரு தேய்ப்பு. இன்னா பளிச்சினு கீது பாரு!"

முப்பது வருஷத்து வெள்ளிக்கிழமைகள். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்குள் ஒரு விதி உண்டு: கீறலைத் தொடாதே, துடைக்காதே, மெருகு போடாதே. அக்கா அந்த விதியைப் புளி போட்டுக் கரைத்துவிட்டார். "இன்னா, மயக்கமா? ரெண்டு இட்லி வெக்கவா?" என்று கேட்டார். சாப்பிட்டேன். நியாயமாக எனக்கு ஆசை விட்டிருக்கவேண்டும். விடவில்லை. எண் போனாலும் அந்த முகம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

ஆடிக் கிருத்திகைக்குச் சில நாள் முன்பு அது நின்றுபோனது. அக்கா சாவி கொடுத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், கடைசியில் தெருவைத் தாண்டி வந்து என் மேஜைமேல் வைத்தார். "நீதான் இதுக்கு டாக்டரு மாதிரி பேசுவியே. எங்கியாச்சும் எடுத்துனு போய்க் காட்டு. ஓடுச்சின்னா ஆணிக்கு. ஓடலன்னா உனுக்கு. போதுமா? ரெண்டு வருசமா நாக்கத் தொங்கப் போட்டுகினு கீற."

என் ஆசையின் கையிலேயே வைத்தியத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார். அன்றே ரயிலேறி அரக்கோணம் போனேன். அங்கே கடைத்தெருவில் ஒரு மெக்கானிக், கண்ணில் செருகிய பூதக்கண்ணாடியோடு அதைத் திறந்து பார்த்தார்.

"மெயின் ஸ்பிரிங் அறுந்துகினு கீது சார். வேற போட்டா ஓடும்."

"ஓடியே தீருமா?"

பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னா சார், ஓடறதுக்குத்தான எடுத்துனு வந்தீங்க?"

"அதுக்கில்ல. ரொம்பப் பழசு. ஓடாமக்கூடப் போயிடலாம் இல்ல?"

"என் கைக்கு வந்தது எதுவும் ஓடாம போனதில்ல" என்றார் கோபமாக. நான் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஒத்துவரும் ஸ்பிரிங் ஒன்றைத் தேடிப் பொருத்தி, தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போட்டுவிட்டார். என் வாழ்நாளில் ஒரு வேலை சொன்ன நேரத்தில் முடிந்தது அன்றைக்குத்தான். அதுவும் நான் முடியக்கூடாது என்று முருகனை வேண்டிக்கொண்ட வேலை.

திரும்பும் ரயிலில் அது என் மணிக்கட்டில் ஏறிவிட்டது. எப்படி ஏறியது என்று கேட்காதீர்கள். மறுநாள் காலை அக்காவிடம் போய், "போயிடுச்சிக்கா. உள்ள எல்லாம் துரு" என்றேன். அக்கா வெறும் ஆணியை ஒருமுறை பார்த்தார். "சரி, அதுக்கும் மூச்சு முடிஞ்சிபோச்சி. எடுத்துக்க" என்று சொல்லிவிட்டு மாவைக் கலக்கத் தொடங்கினார். என் மனச்சாட்சி சும்மா இருக்கவில்லை. அவருக்கு ஆப்பிள் பழம் மாதிரி ஒரு பிளாஸ்டிக் டைமர் வாங்கிக் கொடுத்தது. முடுக்கி வைத்தால் பன்னிரண்டாவது நிமிஷம் கீச்சிடும். திருட்டுக்கு நான் போட்ட மொட்டை அது.

ஆடிக் கிருத்திகை வந்தது. மலையடிவாரம் முழுக்க பூக்காவடி. சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் நகரிப் பக்கத்திலிருந்தும் கூட்டம் கூட்டமாக ஜனம். மேளம், பம்பை, அரோகரா, நாலு திசையிலும் ஒலிபெருக்கி. இந்தச் சத்தத்தில் ஆப்பிள் பழம் கீச்சிட்டது யார் காதில் விழும்? அக்கா குத்துமதிப்பாக மூடியைத் திறந்தார். ஒரு ஈடு இட்லி உள்ளே மாவாக இருந்தது. பயந்துபோய் அடுத்த ஈட்டை அதிகமாக விட்டார். அது தட்டிலேயே இறுகிவிட்டது. மலையேறி இறங்கி, காவடி செலுத்தி, அன்றைய முதல் வாய் உணவாக ஓர் ஆந்திரப் பெரியவர் அதைப் பிட்டுப் பார்த்தார். பிய்க்க முடியவில்லை. தட்டை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டு, "அம்மா, இதி இட்லியா ராயா?" என்று கேட்டார். தெலுங்கில் ராயி என்றால் கல். அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அக்கா அந்தத் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார். அந்தக் கடைக்குத் திரும்பி வந்த முதல் தட்டு.

நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எழுந்தேன். சட்டைக் கையின் பொத்தானை அவிழ்த்து, கடிகாரத்தைக் கழற்றி, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஆணியில் மாட்டினேன். மன்னிப்புக்கு ஒரு வாக்கியம் தயாராகத்தான் வைத்திருந்தேன்; அரோகராவில் அது எனக்கே கேட்கவில்லை.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. புது ஈட்டை இறக்கி, மூடியைப் போட்டு, விரலைத் துடைத்து, வளையத்தைத் திருப்பினார். பிறகுதான் வாயைத் திறந்தார். "எனுக்கு அன்னிக்கே தெரியும். வருசம் பூரா கைய மடிச்சி வுட்டுகினு திரியறவன், இந்த ஆடி வெயில்ல மணிக்கட்டு வரைக்கும் எறக்கி பட்டன் போட்டுகினு வந்தா, இன்னா அர்த்தம்?"

"அப்பவே கேட்டிருக்கலாமே அக்கா!"

"நீயே கொணாந்து மாட்டுவன்னு பாத்தேன். இன்னும் ரெண்டு நாளு ஆவும்னு நெனச்சேன்" என்றவர், திரும்பி வந்த தட்டை என் கையில் வைத்தார். "குந்து. இத்த சாப்புடு. இது நான் சுட்டதில்ல, நீ சுட்டது."

ஆறு இட்லி. தண்ணீர் குடித்துக் குடித்து ஆறையும் இறக்கினேன். நான் நாலாவதில் இருந்தபோது குண்டான் திறந்தது. ஆவி அடங்கியதும் ஆந்திரப் பெரியவருக்குப் புதுத் தட்டு போனது. அவர் பிட்டார், மென்றார், அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அக்காவின் முகத்தில் ரத்தம் திரும்பியது. தண்டனை அதோடு முடியவில்லை. மாவு தள்ளித் தள்ளித் தன் கட்டைவிரல் வலிப்பதாகவும், இனிமேல் காலையில் கடை திறக்கும் முன் நான்தான் வந்து சாவி கொடுக்கவேண்டும் என்றும் அக்கா தீர்ப்புச் சொன்னார்.

அப்படித்தான் நான் தினமும் காலையில் அந்தக் கடிகாரத்தைக் கையில் எடுக்க ஆரம்பித்தேன். யோசித்துப் பார்த்தால், என் டப்பாவில் இருக்கும் எந்தக் கடிகாரத்தையும் நான் தினமும் தொட்டதில்லை. உடைமை என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் பனியன் துணிக்குள் தூங்கியது. எனக்குச் சொந்தமில்லாத ஒன்றின் துடிப்புதான் என் விரலுக்குப் பழகியது. எத்தனை முறுக்கில் ஸ்பிரிங் 'போதும்' என்று சொல்லும், மழைக்காலத்தில் வளையம் எவ்வளவு இறுகும் என்றெல்லாம் எனக்குத் தெரியும். மெதுவாக என் டப்பாவுக்கும் அந்தக் குணம் தொற்றியது. பைலட்டின் குரோனோகிராஃப் இப்போது எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் முட்டை வேகவைக்கிறது. மனைவி அதைப் 'பரவாயில்லை' என்று ஒத்துக்கொண்டிருக்கிறாள். போன மழையில் ஒரு டைவ் கடிகாரத்தை நனையவிட்டேன். அது சாகவில்லை. நானும்தான்.

அக்கா போய் மூன்று வருஷமாகிறது. கடையை இப்போது அவர் மருமகள் நடத்துகிறாள். சுவருக்கு வெள்ளையடித்தபோது ஆணியைச் சுற்றி மட்டும் ஒரு கைப்பிடி அளவு பழைய புகையை அவள் விட்டுவைத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. காரியம் முடிந்த மறுவாரம் கடை திறந்த அன்று, நான் சாவி கொடுத்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "அண்ணா, அத்த ஒண்ணு சொல்லிட்டுப் போச்சி. அவன் என்னிக்கி வாயத் தொறந்து கேக்கறானோ அன்னிக்கி இத்தக் குடுத்துடுன்னு. கேக்கறியா?"

பெரிய மனிதன் மாதிரி ஏதாவது சொல்லியிருக்கலாம். "நாளைக்கிக் கேக்கறேம்மா" என்றேன்.

அன்றிலிருந்து அது எங்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. இன்று காலையும் போனேன். தட்டுகள் இறங்கின. மூடி விழுந்தது.

"இன்னிக்கி கேக்கறியாண்ணா?"

"ஓடுதே. ஓடினா ஆணிக்குத்தான். நாளைக்கிப் பாப்போம்."

ஆணியில் மாட்டினேன். வளையத்தைத் திருப்பி, முக்கோணத்தை முள்ளுக்கு நேராக நிறுத்தினேன். சாவி கொடுக்கும்போது நானே வைத்துவிடும் பழைய தப்பு மாறாமல், மணி மூன்றேகால் என்று அது அடித்துச் சொன்னது. எதிரே பஸ் ஸ்டாண்டில் ஏழாகியிருந்தது. பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. பெஞ்சைத் துடைத்துவிட்டு, முதல் தட்டுக்காக உட்கார்ந்தேன்.