டபுள் கெப்பின் பின்கதவு

வேலி அடிக்கிறவனுக்கு வாகனம் என்றால் அதில் சாமான் ஏற்றுகிற பின் தட்டுத்தான். இருக்கையில் சூடு வருமா, திரை எவ்வளவு பெரிது என்பதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஓடிக் காட்டுகிறவர்களின் கவலை. லண்டனில் வீட்டுத் தோட்டங்களுக்கு அடிக்கிற பலகை வேலி ஆறடி அகலத்தில் வரும். அது தட்டுக்குள் அடங்கினால் நல்ல வாகனம். அடங்காவிட்டால் வெறும் பகட்டு. பதினைந்து வருடம் மோர்டனைச் சுற்றி வேலி அடித்தும் முற்றத்துக்குக் கல் பதித்தும் இடுப்பு போனவன் சொல்கிறேன், கேளுங்கள்.

பழைய வாகனங்களுக்கு நாள் கணக்கில் அறவிடுகிற புகைக் கட்டணம் நாங்கள் இருக்கிற பக்கத்துக்கும் வந்தபோது என் பழைய வானை விற்க வேண்டியதாயிற்று. அந்த வானில் முன்னால் ஒரே நீள இருக்கை. நான் ஓட்டுவேன், நடுவில் என் மனைவியின் தம்பி இருப்பான், ஓரத்தில் எங்களோடு தச்சு வேலைக்கு வருகிற அண்ணை இருப்பார். அண்ணைக்கு அறுபது தாண்டிவிட்டது, ஒரு முழங்கால் மடங்காது. நெருக்கியடித்துக்கொண்டு போனாலும் மூன்று பேரும் ஒரே வரிசையில் போனோம்.

மனைவியின் தம்பியை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நான் ஜெர்மனியில் பதினொரு வருடம் இருந்து, அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, பெட்டி படுக்கையோடு விமானத்தில் இங்கே வந்திறங்கியவன். அவன் வந்த விதம் வேறு. யாழ்ப்பாணத்தில் மனைவியையும் மூன்று வயது மகளையும் விட்டுவிட்டு வந்தான். அகதிக் கோரிக்கையை மறுத்தார்கள். அப்பீல் போட்டான், அதையும் மறுத்தார்கள். புதிதாக ஒன்று போட்டுவிட்டு, இரண்டு கிழமைக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைத்துக்கொண்டு இருந்தான். வேலை செய்ய அனுமதி இல்லை. வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று என்னோடு வருவான். நாங்கள் வாகனம் பார்க்கத் தொடங்கியபோது அவன் வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

பிக்கப் வாங்குவது என்று முடிவு செய்தேன். எங்களுக்குப் பொருந்தியது இரண்டு வகை. ஒன்று கிங் கெப். அதில் முன்னால் இரண்டு பேர் வசதியாக இருக்கலாம். பின்னால் ஒடுக்கமாக, மடித்து வைக்கிற பலகை மாதிரி ஓர் இருக்கை, அதற்கு ஓர் அரைக்கதவு. தட்டு நீளம், ஆறடிப் பலகை கிட்டத்தட்ட அடங்கும். மற்றது டபுள் கெப். அதற்கு நாலு முழுக்கதவு, பின்னால் மூன்று பேர் கால் நீட்டி இருக்கலாம். ஆனால் அந்த இடமெல்லாம் தட்டில் இருந்து வெட்டி எடுத்தது. வேலிப் பலகை ஏற்றினால் தட்டின் பின்மூடியைத் திறந்துவிட்டு, நீட்டிக்கொண்டிருக்கிற முனையில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு ஓட வேண்டும். எனக்கு யோசிக்கவே ஒன்றும் இருக்கவில்லை. கிங் கெப்தான். அண்ணை முன்னால் இருப்பார், மச்சான் ஒல்லி, பின்னால் மடங்கிக் கிடப்பான்.

குரோய்டனில் ட்ராம் பாதைக்குப் பக்கத்தில், பழைய வாகனம் விற்கிற யார்ட் ஒன்றுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். குரோய்டன் என்றாலே அவன் வரத் தயங்குவான். அகதிக் கோரிக்கைக்கு அவனுடைய முதல் நேர்காணல் அங்கேதான் நடந்தது. வழியெல்லாம் அவனைப் பகிடி பண்ணிக்கொண்டே போனேன்.

யார்ட்காரர் ஒரு வெள்ளைக்காரர், நல்ல மனிதர். கிங் கெப்பின் அரைக்கதவைக் காட்டினார். அது பின்பக்கமாகத் திறக்கும். முன்கதவைத் திறந்தால்தான் அதைத் திறக்கலாம். முன்கதவு சாத்தியிருந்தால் பின்னால் இருக்கிறவர் உள்ளேதான். மச்சானை ஏறச் சொன்னேன். முழங்கால் நாடியில் முட்ட மடங்கி இருந்தான். நான் சிரித்துக்கொண்டு இரண்டு கதவையும் சாத்தினேன்.

"எப்பிடி மச்சான், இருக்க ஏலுமோ?" என்று கண்ணாடிக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, யார்ட்காரர் பக்கம் திரும்பித் தட்டின் நீளத்தைக் கேட்டேன். அரை நிமிடம் இருக்கும். அதற்கு மேல் இல்லை.

கண்ணாடியில் அடி விழுகிற சத்தம் கேட்டது. இரண்டு உள்ளங்கையாலும் அடித்துக்கொண்டிருந்தான். முகம் சாம்பல் பூசியதுபோல் இருந்தது. முன் இருக்கையைத் தாண்டி வந்து கதவைத் திறந்திருக்கலாம், அது அவனுக்குத் தோன்றவே இல்லை. நான் ஓடிப்போய்த் திறந்தேன். இறங்கியவன் டயருக்குப் பக்கத்தில் குந்திச் சத்தி எடுத்தான். யார்ட்காரர் தண்ணீர் எடுக்க உள்ளே போனார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஏசினேன். "சின்னப்பிள்ளை மாதிரி என்ன கூத்து இது? மனுசர் பாக்கினம்!" என்று கத்தினேன். எனக்கு வெட்கம் வந்தால் அது வாயில் கோபமாகத்தான் வரும். என் பிறவிக் குணம் அது. அவன் வாயைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அத்தான்" என்றான்.

அன்று பின்னேரம் குசினியில் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் இந்த நாட்டுக்குள் வந்த கடைசிப் பயணம் ஒரு குளிர்ப்பெட்டி லொறியில். வெளியில் இருந்து பூட்டுகிற கதவு. உள்ளே மூச்சு முட்டத் தொடங்கியதும் தட்டினார்களாம். லொறி ஓரிடத்தில் நின்றதாம். சாரதி இறங்கி வந்து, கதவுக்கு வெளியே நின்று போனில் பேசியது கேட்டதாம். அவர் திறக்கவில்லை. மறுபடி ஏறி ஓட்டினாராம்.

"உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டவன்" என்றாள். "அத்தான் பகிடி பண்ணுவார் எண்டு."

உண்மைதான், பண்ணியிருப்பேன்.

பிறகு அவள் தேத்தண்ணீரை என் முன்னால் வைத்துவிட்டு, "டபுள் கெப்பை எடுங்கோ" என்றாள். "அவனுக்கு விசா கிடைச்சு, பெண்சாதியும் பிள்ளையும் வந்தால் எதிலை ஏத்துவியள்? பலகைக்கு மேலையோ?"

எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. அதை ஒளிக்க மாட்டேன். சட்டத்தரணி எழுதிய கடிதங்களை ஆங்கிலம் தெரிந்தவர்களிடம் கொண்டுபோய் வாசிப்பித்தவன் நான். அதில் இருந்த "எனினும்", "இருந்தபோதிலும்" எல்லாம் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று எனக்குத் தெரியும். ஆனாலும் டபுள் கெப்பை எடுத்தேன். அவர்கள் வருவார்கள் என்று நினைத்து அல்ல. அவன் ஏறி இருந்தால், தன் கையால் கதவைத் திறந்து இறங்கட்டும். அது ஒன்றுக்காகத்தான்.

என் கெட்ட காலத்தைப் பாருங்கள். வாகனத்தைக் கழுவிச் சரிபார்த்து எங்களுக்குக் கொடுக்கப் பத்து நாள் எடுத்தது. அதற்குள் அண்ணைக்கு முழங்கால் சத்திரசிகிச்சைக்கு நாள் வந்துவிட்டது. போனவர் திரும்பி வேலைக்கு வரவில்லை. ஆக நானும் மச்சானும்தான் மிச்சம். இரண்டு பேரும் முன்னால் இருந்தோம். பின்னால் ஒருவரும் இல்லை. கிங் கெப் எடுத்திருந்தால் என்ன குறை என்று, சிவப்புத் துணி கட்டுகிற ஒவ்வொரு காலையும் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். அவன் கயிற்றை இழுத்து முடிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பான்.

வாகனத்தை எங்களுக்கு முதல் வைத்திருந்தவருக்குப் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும். பின் இருக்கைக்கு அடியில் பிஸ்கட் தூள் கிடந்தது. இடப்பக்கப் பின்கண்ணாடியில் யாரோ ஒரு பிள்ளை பூனைப் படம் ஒன்றை ஒட்டியிருந்தது. நான் கத்தியால் சுரண்டப் போனேன். "விடுங்கோ அத்தான், அது கிடக்கட்டும்" என்றான். அன்று மத்தியானமே வீடியோவில் மகளைக் கூப்பிட்டு, போனைப் பின் இருக்கைப் பக்கம் நீட்டிக் காட்டினான்.

"இஞ்சை பாருங்கோ குஞ்சு. இதிலைதான் நீங்களும் அம்மாவும் வரப் போறியள்."

"பூனை ஒட்டின பக்கம் எனக்கு" என்றாள் பிள்ளை. ஒன்பது வயது.

அதற்குப் பிறகு பின் இருக்கையை அவன் ஒரு கோயில் மாதிரி வைத்திருந்தான். சீமெந்துப் பை வைக்கக் கூடாது. ஈரச் சப்பாத்து வைக்கக் கூடாது. நான் துளைபோடும் மெஷினை அதில் போட்டால், வேலை முடிந்து திரும்புவதற்குள் அது தட்டுக்குப் போயிருக்கும். சனிக்கிழமைகளில் அந்த இருக்கையைத் துடைப்பான். வெளியில் நின்று கதவைத் திறப்பான், குனிந்து துடைப்பான், சாத்துவான். ஒருநாளும் ஏறி இருந்ததில்லை. எனக்கு அதைப் பார்க்க எரிச்சல் வரும். யாருக்காகத் துடைக்கிறாய் என்று கேட்க வாய் உன்னும். கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியை அடக்கினேன் என்பதுதான் அந்த இரண்டு வருடத்தில் நான் செய்த புண்ணியம்.

புதிதாகப் போட்ட கோரிக்கைக்கு மறுமொழி வந்தது. மறுத்திருந்தார்கள். இனி அப்பீலுக்கும் இடம் இல்லை என்றார் சட்டத்தரணி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு மறுபடி போட்டுக்கொண்டார். வேறு வழிகள் இருக்கின்றனவா என்று நான் கேட்டேன். பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம், அது எந்த மொழியிலும் அப்படித்தான்.

ஆனால் அவன் போக முடிவெடுத்தது அந்தக் கடிதத்தால் அல்ல. மகள் போனுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். முதலில் படிக்க இருக்கிறதாம் என்றார்கள். பிறகு நித்திரையாம். பிறகு தாய் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டாள். ஒருநாள் ஒரு தோட்டத்தில் தூண் குழி தோண்டிக்கொண்டிருந்தபோது அவன் மண்வெட்டியை நிறுத்தினான்.

"அத்தான், நான் சைன் வைக்கப் போறன். திரும்பிப் போறதுக்கு."

"அங்கை போய் என்ன செய்வாய்? எயார்போட்டிலை பிடிச்சு விசாரிச்சால்?"

"விசாரிக்கட்டும்" என்றான். குழியில் ஊறிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "இஞ்சையும் அதைத்தானே செய்யினம்."

நான் கத்தினேன். எட்டு வருடத்தைக் குப்பையில் கொட்டுகிறாயா என்று, அந்த வீட்டுக்கார அம்மா ஜன்னலைத் திறந்து பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அவன் மறுத்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் குழியை ஆழப்படுத்தினான். அன்று நாங்கள் நட்ட தூண்கள் நூல் பிடித்தது போல் நேராக நின்றன.

போகிற நாள் காலை பத்து மணிக்கு ஹீத்ரோ விமான நிலையத்துக்கு வெளிக்கிட்டோம். ஒரு பெட்டி, ஒரு கைப்பை. பெட்டியைத் தட்டில் வைத்துத் தார்ப்பாயால் மூடினேன். மனைவி பின்னால் ஏறப் போனாள். அவன் தடுத்தான்.

"அக்கா முன்னுக்கு இருங்கோ. ஒருநாளாவது நான் இதிலை இருந்து பாக்கிறன்."

பூனை ஒட்டியிருந்த பக்கம் ஏறினான். நான் வெளியில் நின்று கதவைச் சாத்தினேன். வழியில் மனைவி அழுதுகொண்டும், மருந்து எடுத்தாயா, பிள்ளைக்கு வாங்கின சட்டை எடுத்தாயா என்று கேட்டுக்கொண்டும் வந்தாள். அவன் எல்லாவற்றுக்கும் ஓம் என்றான். பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் பார்த்தேன். கால் இரண்டையும் நன்றாக நீட்டியிருந்தான். சொல்லப்போனால் அது நல்ல இருக்கைதான்.

ஆட்களை இறக்கிவிடுகிற இடத்தில் ஓரமாக நிறுத்தினேன். அங்கே அதிக நேரம் நிற்க விடமாட்டார்கள். பின்னால் ஒரு கார் வந்து ஒட்டி நின்றது. மஞ்சள் மேலங்கி போட்ட ஒருவர் கையை அசைத்துக்கொண்டு வந்தார்.

பின்னால் கைப்பிடி இழுபடுகிற சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. மறுபடியும் ஒருதரம் கேட்டது. நான் பூட்டு விடுகிற பொத்தானை அமத்தினேன். திறக்கவில்லை.

"என்ன செய்யிறியள், திறந்து விடுங்கோவன்!" என்று மனைவி கத்தினாள்.

பெல்ட் கையில் சிக்கியது. பிய்த்துக்கொண்டு இறங்கி, வாகனத்தின் முன்பக்கமாகச் சுற்றி ஓடினேன். பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது. அந்த நாலு எட்டில் எனக்குக் குரோய்டன் யார்ட்தான் கண்ணுக்குள் நின்றது. கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் பார்க்கப் போகிறேன் என்று நினைத்துத்தான் ஓடினேன்.

கண்ணாடியில் பூனை மட்டும்தான் இருந்தது. அவன் கைப்பையை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்து, நேரே பார்த்துக்கொண்டு இருந்தான். கையெழுத்து வைக்கப் போகிற இடத்தில், தன் நம்பரைக் கூப்பிடும்வரைக்கும் அப்படித்தான் இருப்பான். நான் கதவைத் திறந்தேன். இறங்கினான்.

"போட்டு வாறன் அத்தான்" என்றான். அக்காவைக் கட்டிப் பிடித்தான். பெட்டியை நான் இறக்கிக் கொடுத்தேன். மஞ்சள் மேலங்கிக்காரர் எங்களைப் போகச் சொன்னார், போனோம்.

வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு அந்தக் கதவைத் திறந்து பார்த்தேன். கதவின் ஓரத்தில், சாத்தினால் மறைந்துபோகிற இடத்தில், நகத்தளவில், விரலால் தள்ளுகிற ஒரு நெம்பு. வாகனம் ஓடும்போது பிள்ளைகள் உள்ளே இருந்து திறந்துவிடாமல் இருக்கப் போடுகிற பூட்டு. அந்த முதல் குடும்பம் போட்டது போட்டபடியே இருந்திருக்கிறது. இரண்டு வருடமாக வெளியில் நின்றே திறந்து திறந்து துடைத்தவனுக்கும் தெரியவில்லை, அந்தக் கதவுக்காகவே ஆறடித் தட்டை விட்டுக் கொடுத்த எனக்கும் தெரியவில்லை.

மனைவி படியில் நின்றாள். "அண்டைக்குக் கண்ணாடி உடையிற மாதிரித் தட்டினவன்" என்றாள். "இண்டைக்கு ஏன் ஒரு சத்தமும் போடேல்லை?"

நான் நெம்பைத் தள்ளினேன். விரல் பட்டதும் போய்விட்டது. பின்னால் ஏறி, கதவைச் சாத்தி, அவன் இருந்த இடத்தில் இருந்து கைப்பிடியை இழுத்தேன். உடனே திறந்தது.