டெம்பாவின் வலது கை

பாரிஸை ஒட்டிய சான்-தெனியில், கால்வாய் மதிலில் டெம்பா ஸ்ப்ரே பெயின்ட்டால் எழுத்துகளைப் போடுவான். பக்கத்தில் ரெஜிஸ் ஆளை வரைவான். பதினான்கு வயதிலிருந்தே அப்படித்தான். ரெஜிஸ் வரையும் ஆளுக்குப் பெரிய கண், கூரான முடி, காற்றில் பறக்கும் கழுத்துத் துண்டு. ரயிலடிக் கடையில் பிரெஞ்சில் வந்த ஜப்பானியச் சித்திரக்கதைகளை வாங்கி, பக்கம் பக்கமாகப் பார்த்து வரைந்து பழகிய கை அது. பிற்பாடு ஒரு விளம்பர நிறுவனம் அந்தக் கைக்காகவே அவனை வேலைக்கு எடுத்தது. தயிர் டப்பாவுக்குக்கூடப் பெரிய கண் போட்டுக் கொடுத்தான்.

இருபத்தாறு வயதில் டெம்பாவை ஆஸ்துமா கொண்டுபோயிற்று. நாற்பதாம் நாள் தொழுகை முடிந்ததும் உறவுக்காரர்களை மதிலுக்கு அழைத்து வருவதாக அவன் அம்மா கூம்பா சொல்லியிருந்தாள். அதற்குள் ரெஜிஸ் அந்த மதிலில் டெம்பாவின் நினைவுப் படத்தை வரைந்து முடித்தான். இரண்டு நாள் முன்னதாகவே அவள் தனியாக வந்து பார்த்தாள்.

"மூக்கு அவனோட மூக்கேதான்டா தம்பி." பார்வையைக் கீழே இறக்கினாள். "ஸ்ப்ரே டப்பாவ எந்தக் கையில புடிச்சிருக்கான்?"

ரெஜிஸ் நிமிர்ந்து பார்த்தான். "இடது கையில, அம்மா."

"என் புள்ள சாப்பிட்டது, எழுதினது, பெரியவங்களுக்குக் கை குடுத்தது எல்லாம் வலது கையாலதான். அவன இப்படி நிக்க வச்சிட்டியே. இத யாருக்கும் காட்ட மாட்டேன்."

அவர்களோடு சுவரில் வரையும் கூட்டாளி சொலேன் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "நீ வரையற எல்லாருமே நொட்டாங்கைதானேடா! உன் ஸ்டைலுன்னு இல்ல நெனச்சேன்?"

மறுநாள் அவளே ஜப்பானியப் புத்தகக் கடையிலிருந்து, ரெஜிஸ் பார்த்துப் பழகிய சித்திரக்கதையின் மூலத்தைக் கொண்டுவந்தாள். அதே பக்கம், அதே வீரன். வாள் வலது கையில் இருந்தது. வலமிருந்து இடமாகப் படிக்கும் கதையைப் பிரெஞ்சுக்காரர்களுக்காகக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி அச்சிட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு வருஷமாக ரெஜிஸ் கற்றது அந்தக் கண்ணாடியை.

"மாத்தப் போறேன்," என்றான்.

"செத்தவன் படம் போட்ட சுவர யாரும் தொடக்கூடாது. வரைஞ்சவனும்தான். தொட்டா நம்மாளுங்க உன்கூடச் சேர மாட்டாங்க."

"தெரியும். அவங்கம்மா வரமாட்டேங்கறாங்களே, சொலேன்."

அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அன்றைக்கே வெயிலில் இடது கைமேல் வெள்ளையடித்தான். வலது கை வரவில்லை. மூன்று முறை போட்டு மூன்று முறை அழித்தான். வழியில் போன கூட்டாளிகள் இருவர் பார்த்தார்கள். வணக்கம் சொல்லாமல் திரும்பி நடந்தார்கள். நான்காவது முறை போட்டதை அப்படியே விட்டு, கூம்பாவுக்குத் தகவல் சொன்னான்.

நாற்பதாம் நாள் கூம்பா வந்தாள். பின்னால் உறவுக்காரர்கள் பதினோரு பேர். பாலத்தின் மேல் நின்ற சொலேன் கீழே இறங்கவில்லை.

"விரலெல்லாம் வீங்கின மாதிரி இருக்கே," என்றாள் கூம்பா.

"எனக்கு வலது கை வரைய வராதும்மா."

"கத்துக்கோ."

சொல்லிவிட்டு மதிலைப் பார்த்தபடி இரு உள்ளங்கைகளையும் பிரார்த்தனைக்கு ஏந்தினாள். பின்னால் நின்ற பதினோரு பேரும் ஏந்தினார்கள். வெள்ளை ஒட்டிய தன் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு ரெஜிஸும் ஏந்தினான்.