கூட்டுக்களவாணி

அருமனையில் ஒரு கல்யாண மண்டபத்தில்தான் அவரைப் பார்த்தேன். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து, கல்யாண வரவேற்புகளில் மைக் பிடிக்கிறவர். சந்தன நிறக் கோட்டு, சாயம் பூசிய மீசை. ஆங்கிலத்தில் ஒன்று சொல்வதற்கு முன்னால் மைக்கை ஒருமுறை ஊதிப் பார்ப்பார்.

அன்றும் ஊதினார். "ரெண்டு குடும்பமும் இனி திக் ஆஸ் தீவ்ஸ்!"

கடைசிச் சொல் மட்டும் எல்லாருக்கும் புரிந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமா நாற்காலி சரிய எழுந்தார். "ஆரப் பாத்துலே கள்ளம்மாருன்னு சொன்ன?" அவர் பின்னால் மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பெண்ணின் அப்பாவுக்கு முகம் வெளிறிவிட்டது.

நான் ஆங்கில வாத்தியார் என்று யாரோ சொல்லி, என்னை மேடைக்குத் தள்ளினார்கள்.

"ரகசியத்தக்கூட மறைக்காத நெருக்கம்னு அர்த்தம். நாம செல்லமா கூட்டுக்களவாணின்னு சொல்லுவோம்லா, அதுமாதிரி" என்றேன்.

தாய்மாமா கொஞ்சம் யோசித்தார். "அப்பம் களவுல எங்களுக்கும் பங்கு உண்டு" என்று சிரித்தார். எல்லாரும் பந்திக்கு நகர்ந்தார்கள்.

கை கழுவும் இடத்தில் மைக் பிடித்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், காப்பாத்திட்டிய. அங்க கம்பெனியில என்னையும் ஸ்டோர் கீப்பரையும் சேத்துப் பாத்தா முதலாளி அப்பிடித்தான் சொல்லுவாரு. தங்கமான மனுசன்! எங்களப் பிரிக்க மனசில்லாம, ரெண்டு பேரையும் ஒரே பிளைட்டுல ஊருக்கு அனுப்பி வச்சாரு."

அவர் முகத்தில் இருந்தது நன்றியா, குறும்பா என்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை.