ஆறு புள்ளி நான்கில் ஒரு கோடு

பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அப்படிப்பட்ட நான், கல்லூரியில் பாடமும் நடத்திக்கொண்டு, மூன்று வருடமாக ஒரே ஒரு கோட்டைத் தேடினேன் என்றால் யார் நம்புவார்கள்? எங்கோ தொலைவில் ஒரு கேலக்ஸி. அதன் நடுவே கருந்துளை. அதைச் சுற்றியிருக்கும் இரும்பு எக்ஸ்ரேயில் ஒளிர்ந்தால் வரைபடத்தில் ஆறு புள்ளி நான்கு கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஒரு கோடு எழும். கோடு இருந்தால் என் ஆய்வேடு உண்டு. இல்லையென்றால் மூன்று வருடமும் பாழ்.

அன்று காலை கோடு எழுந்தது! மிகச் சரியாக ஆறு புள்ளி நான்கில்! "யா அல்லா!" என்று நான் போட்ட கூச்சலில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மலைக்கோட்டைச் சந்தில் மணப்பாறை முறுக்கு ஒரு பொட்டலம் வாங்கி, பஸ் பிடித்து, ஸ்ரீரங்கத்தில் என்னோடு ஆய்வு செய்யும் தோழி வீட்டில் போய் நின்றேன்.

அவர் முறுக்கைக் கடித்தபடியே வரைபடத்தைப் பார்த்தார்.

"நன்னா இருக்கு. ஆனா அந்த கேலக்ஸி நம்மள விட்டு விலகிப் போயிண்டிருக்கு. கோடு ஆறு புள்ளி நாலுக்குக் கொஞ்சம் கீழ இறங்கித்தானே நமக்குத் தெரியும்? அந்த இறக்கத்தைச் சரிபண்ணினேளா?"

"பண்ணலேன்னா?"

"சரிபண்ணாமலே மிகச் சரியா ஆறு புள்ளி நாலுல நிக்கறதுன்னா, இது விலகிப் போற கேலக்ஸியோட இரும்பு இல்ல. டெலஸ்கோப்போட சொந்த இரும்பு."

சரிசெய்தேனா, இல்லையா? சத்தியமாக நினைவில்லை. "முதல்ல முறுக்கைக் கீழ வைங்க!" என்று பாவம், அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

லேப்டாப்பில் நான் எழுதிய புரோகிராமைத் திறந்து வரிவரியாக இறங்கினோம். நூறு வரி தாண்டியும் காணோம். அதற்கும் கீழே, திருத்தம் செய்யும் அந்த வரி இருந்தது. பக்கத்திலேயே, முன்பொருமுறை அதே திருத்தத்தை இரண்டு தடவை போட்டுக் குழப்பிய ஆத்திரத்தில், எனக்கு நானே எழுதிவைத்த குறிப்பு:

"அடியே, போட்டாச்சு. மறுபடியும் போட்டுத் தொலைக்காதே."

தோழி விழுந்து விழுந்து சிரித்தார். அந்த இரும்பு டெலஸ்கோப்புடையது இல்லை. பூமியில் மனிதர்களே இல்லாத காலத்தில் அங்கிருந்து கிளம்பிய ஒளி அது.

அம்மாவுக்கு போன் போட்டேன்.

"கெடச்சிருச்சும்மா! இரும்பு!"

"அது காலையிலயே கெடச்சிருச்சுன்னு கத்துனியே. இப்ப எதுக்குடி அழுவுறே?"

"நடுவுல ஒரு மணி நேரம் தொலைஞ்சு போச்சும்மா."