மூன்றிலேயே தொடங்குகிறவன்

எங்கள் கல்லூரி பேண்டின் டிரம்மர் பண்டமாரானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவான். குச்சிகளைத் தட்டி நான்கு வரை எண்ணிவிட்டுத்தான் பாட்டைத் தொடங்க வேண்டும். பொறுமை இல்லாத கழுதை, மூன்றிலேயே தொடங்கிவிடுவான். எவ்வளவோ திட்டிப் பார்த்தேன். கடைசியில் பேண்டில் மீதி இருந்த நாங்கள் மூவரும்தான் அதற்குப் பழகிப்போனோம்.

ஷா ஆலம் சாலையில் லோரி மோதி அவன் செத்த பிறகு, கிள்ளானில் ஒரு கல்யாண விருந்தில் புது டிரம்மரோடு வாசித்தோம். அவன் ஒழுங்காகத்தான் எண்ணினான். மூன்று என்றதும் நாங்கள் மூவரும் பாய்ந்துவிட்டோம்.

"அண்ணே, நான் இன்னும் நாலு சொல்லலைலா!"

மறுபடி எண்ணினான். மறுபடியும் மூன்றிலேயே தொடங்கினோம்.

அடுத்த முறை அவனும் மூன்றிலேயே அடித்தான். பாட்டு முடியும்வரை எங்களில் ஒருவரும் பின்னால் டிரம்ஸ் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.