ஐந்தாவது தட்டு

2024 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை மாலை 4.10. பாளையங்கோட்டைக்குத் தெற்கே எங்கள் ஊரில் மின்சாரம் நின்றது. 5.25க்குத் திரும்ப வந்தது.

இந்த நேரங்களைத் தேவாலயத்துக்குப் பக்கத்து மாவு மில்லில் பின்னர் கேட்டு எழுதிக்கொண்டேன். அன்று மாலை நடந்த மற்றதற்கு நான் மட்டுமே சாட்சி. செய்தி எழுதிப் பிழைப்பவன். நடக்காததைச் சேர்க்கவில்லை.

மறுநாள் எங்கள் ஆலயத்தில், அது கட்டி அர்ப்பணிக்கப்பட்ட நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகை. பாடகர் குழுவை நடத்தும் ரீபா, ஆறு மாதம் உழைத்து ஒரு பாட்டு அமைத்திருந்தாள். ஐந்து தட்டுத் தாளம். ஒன்று-இரண்டு-மூன்று, ஒன்று-இரண்டு. ஆர்கன் வாசிக்கும் என் விரல்களுக்கு மூன்றும் நான்கும்தான் பழக்கம். ஐந்தாவது தட்டை விழுங்கிவிட்டுத் தாவிவிடுவேன். சனிக்கிழமை ஒத்திகையிலும் அப்படியே.

“அண்ணே, அஞ்சாவது தட்டு எங்க? டீ குடிக்கப் போயிருக்கா?”

குழு சிரித்தது. பிறகு அவள் சிரிக்காமல் சொன்னாள்: “நாளைக்கும் இப்படித்தான்னா பாட்டையே எடுத்துருதேன்.”

3.50. எல்லோரும் போய்விட்டார்கள். பழைய குழாய் ஆர்கன் அது. குழாய்களுக்குக் காற்று ஊட்ட மின்மோட்டார் உண்டு; காற்று இல்லாவிட்டால் ஓசை இல்லை. எண்ணிக்கை மனதில் நிற்பதற்காக, மரச்சட்டத்தில் விரல் முட்டியால் ஐந்து முறை தட்டிவிட்டுத் தொடங்கினேன்.

கொஞ்ச நேரம் சரியாக வந்தது. பிறகு, ஒவ்வொரு ஐந்தாவது தட்டிலும் ஓசை மெலிந்தது. மூச்சு போதாததுபோல… நிறுத்தினேன். மறுபடி ஐந்து தட்டினேன். மறுபடி மெலிந்தது. என் விரல் தவறவில்லை.

பத்துப் பன்னிரண்டு முறை வாசித்திருப்பேன். மெலிவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. யாரோ என்னுடன் சேர்ந்து பழகுவதுபோல.

4.40க்கு ஐந்தாவது தட்டு முழுதாக ஒலித்தது. முகமெல்லாம் வியர்வை. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

மின்விசிறி நின்றிருந்தது.

மோட்டாரின் உறுமலும் இல்லை.

என் விரல்களுக்கடியில் ஆர்கன் ஒலித்துக்கொண்டிருந்தது.

பின்பக்கம், பலகைக்கு அப்பால்… கிரீச்… தப்.

விரல்களை எடுத்தேன்.

கிரீச்… தப்.

பிறகு அதுவும் நின்றது. பலகையின் உள்ளிருந்து…

டொக். டொக். டொக்.

டொக். டொக்.

ஓடினேன்.

வாசலில், ஆலய வேலைகளைப் பார்க்கும் கோயில்குட்டியார் பாக்கியசீலன் பண்டிகைக்காகப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, ஆர்கனுக்குப் பின்னால யாரு?”

“யாரு இருக்கா? என்ன வே, இப்படி வேர்க்குது?”

சொன்னேன். விளக்குமாற்றைக் கீழே போட்டார்.

“மரச்சட்டத்துல தட்டுனீரா?”

“ஆமா.”

“எத்தன?”

“அஞ்சு.”

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“மோட்டாரு வருததுக்கு முந்தி மணிராஜ்னு ஒருத்தரு பின்னால நின்னு துருத்திக் கம்பை அழுத்தி ஆர்கனுக்குக் காத்து குடுப்பாரு. பாட்டு தெரியாது. வாசிக்கிறவரு சட்டத்துல எத்தன தட்டுதாரோ அதான் கணக்கு. மூணு, நாலு அத்துப்படி. ஒரு பண்டிகைக்கு அஞ்சு தட்டிட்டாவ. மனுசன் நாலா அழுத்தினாரு. பாதிப் பாட்டுல காத்து போச்சு. சபையே சிரிச்சிட்டு. அன்னைக்குச் சாயங்காலம் தனியா வந்து பழகிக்கிட்டுக் கெடந்தாரு… கம்பைப் புடிச்ச மேனிக்கே செத்துட்டாரு.”

“அந்தக் கம்பு இன்னும் இருக்கா?”

“மோட்டாரு மாட்டுனப்பவே அறுத்துப் போட்டாச்சு. பின்னால வெறும் சொவருதான் வே.”

ரீபாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை 9.35. அவள் பாட்டுக்குக் குழு எழுந்து நின்றது. விளக்குகள் அணைந்தன. மோட்டார் நின்றது. ஆர்கன் விசையை அழுத்திப் பார்த்தேன். சத்தமில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ரீபா என்னையே பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

மரச்சட்டத்தில் ஐந்து முறை தட்டினேன்.

நான்கு சரணங்களும் ஆர்கன் ஓசையோடு தடையில்லாமல் முடிந்தன. மின்சாரம் 10.15க்கு வந்தது.